உத்தரவின்றி வந்த ஸ்திரீ

786
சைகோன்
19 ஜூலை 1954

கமருன்னிசாவுக்கு,

ஸலாம். நான் நலம். உம்மாவுக்கும் மகள் ஜெய்னம்புவுக்கும் தனியே எழுதியிருக்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது வேறு.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் சின்னவாப்பா மகன் காதர் பாட்சா வந்து சேர்ந்தான். ஜும்ஆ முடிந்து கடை ஆட்கள் எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். ஊர்ச் சேதி கேட்டார்கள். அவன் முதலில் வேறு என்னென்னவோ சொன்னான். எல்லையில் கெடுபிடி, அரிசி விலை, கொடி பிடித்துக்கொண்டு போகிறவர்கள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அலாவுதீன் நானா, ஒங்க வீட்டுச் சேதி தெரியுமா? மச்சி கள்ளத்தோணி ஏறிப் போய், நாலு நா கழிச்சுக் கைக்கொழந்தையோட வந்து எறங்கியிருக்காங்க. நான் சொல்லல. சாவடிக்காரன் எழுதி மார்க்கெட்டுப் பலகையில ஒட்டியிருக்கான்."

பதினோரு பேர் கேட்டார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நான் ஊரை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. இதற்குமேல் இந்தக் காகிதத்தில் எழுத எனக்குக் கை கூசுகிறது.

நீ எழுதப் படிக்கத் தெரிந்தவள். நீட்டி முழக்க வேண்டாம். தோணி ஏறினாயா, இல்லையா? அந்தக் குழந்தை யாருடையது? இதற்கு மட்டும் பதில் எழுது.

அலாவுதீன்


786
காரைக்கால்
2 ஆகஸ்ட் 1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோணி ஏறினேன். குழந்தை என் தங்கச்சி அமீர் நிஷாவுடையது. அமீர் நிஷா மௌத்தாகிவிட்டாள்.

ஜூன் கடைசியிலேயே எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதிவிட்டேன். எல்லைக் கெடுபிடியில் அந்தத் தபால் எங்கே முடங்கிக் கிடக்கிறதோ தெரியவில்லை. கடிதம் கடலில் தங்கிவிட்டது, காதர் பாட்சா மட்டும் சுகமாக வந்து சேர்ந்துவிட்டார். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. ஆனால் இது இரண்டு வரியில் அடங்குகிற காரியம் இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

வாப்பாவும் உம்மாவும் போன பிறகு அமீர் நிஷாவை நான்தான் தலைவாரிச் சோறூட்டி வளர்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாகூரில் அவளைக் கட்டிக் கொடுத்தபோது பந்தலில் நின்று எல்லாம் செய்தவர் நீங்கள். அவள் மாப்பிள்ளை தாவூது பினாங்கில் இருக்கிறார். அவள் மாமியாரோ பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பேறுகாலத்துக்கு நான் வந்துவிடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலையில் போய் மத்தியானம் லுஹருக்குத் திரும்பி வருவோமே, அந்த நாகூர் இந்தக் கோடையிலிருந்து வேறு நாடு. பெர்மிட் இல்லாமல் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் போக முடியாது. நோன்பு முடிந்ததும் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டேன். "நாளைக்கு வா" என்றார்கள். மறுநாள் போனேன். "பெரியவர் இல்லை" என்றார்கள். மூன்றாம் தடவை போனபோது, தங்கச்சி பேறுகாலம் எல்லாம் அவசரக் காரியத்தில் சேராது என்று ஒருவர் சொன்னார்.

பிறகு ஒரு நாள் காலை, மீன் விற்கிற பவுனம்மாள் வழியாகச் சேதி வந்தது. அமீர் நிஷாவுக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் பேரைச் சொல்லி அரற்றுகிறாள் என்று. நான் மாமியை, உங்கள் உம்மாவைப் பார்த்தேன். மாமி, "நீ போ புள்ள. ஜெய்னம்புவ நான் பாத்துக்கிறேன்" என்றார்கள். அவர்கள் வாயால் சொன்ன வார்த்தை இது.

கிளிஞ்சல்மேட்டுத் தோணிக்காரர் காத்தமுத்துவிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் பெண்சாதி மாரியம்மாள்தான், "ஏன் யோசிக்கிறீங்க? நானும் கூட வர்றேன். பொம்பளைக்குப் பொம்பள தொணை" என்று தன் எட்டு மாதப் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பட்டப்பகல். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அத்தனை பேர் பார்க்க ஏறினேன். எங்கே போறீங்க என்று கேட்டவர்களுக்கு நாகூருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

சாயங்காலம் அஸருக்கு நாகூர்க் கரையில் இறங்கினோம். அமீர் நிஷா கண்ணைத் திறந்து பார்த்து, "ராத்தா, வந்துட்டியா? பெர்மிட்டு கெடச்சுதா?" என்று கேட்டாள். "கெடச்சுதும்மா" என்றேன். இந்தக் காரியம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

விடியற்காலையில் பிள்ளை பிறந்தது. பெண். அதன் பிறகு இரத்தம் நிற்கவே இல்லை. மருத்துவச்சியால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாள். லுஹர் பாங்கு சொல்கிற நேரத்தில் அமீர் நிஷா என் மடியிலேயே போய்விட்டாள். வலி தாங்காமல் அவள் பற்றியிருந்த என் மணிக்கட்டில் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பிள்ளை பாலுக்கு அழுதது. அந்த வீட்டில் அதற்குப் பால் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாரியம்மாள் யாரையும் கேட்கவில்லை. தன் பிள்ளையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமுமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பால் இருக்கிற ஊருக்குத்தான் பிள்ளை வர வேண்டும் என்று. அடக்கம் ஆகி, மூன்றாம் பாத்திஹா ஓதி முடித்து, அதே தோணியில் திரும்பினோம்.

அரசலாற்று முகத்துவாரத்துச் சாவடியில் நிறுத்தினார்கள். நான் ஒளியவில்லை. என் பெயர், உங்கள் பெயர், போன இடம், போன காரணம் எல்லாம் சொன்னேன். துரை பிரெஞ்சில் எழுதினார். குமாஸ்தா அம்பலவாணன் அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாங்கிப் படித்தேன். "கள்ளத்தனமாய்க் கள்ளத்தோணி ஏறிச் சென்று கைக்குழந்தையுடன் வந்து இறங்கிய ஸ்திரீ" என்று இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடுகிற வரைக்கும் தோணியை விடமாட்டோம் என்று காத்தமுத்துவின் தோணியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். நகலைப் பலகையில் ஒட்டினார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் உங்கள் உம்மாவைக் கேளுங்கள். மூன்று வருடமாக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். நான் பிள்ளை சுமந்தேனா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாதா?

கமருன்னிசா


786
சைகோன்
21 ஆகஸ்ட் 1954

கமருன்னிசாவுக்கு,

இன்னாலில்லாஹி. அமீர் நிஷாவின் சேதி படித்து அன்று முழுவதும் கடைக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று மோதிரம் தொலைந்துவிட்டது என்று அந்தப் பெண் பந்தலைச் சுற்றித் தேடியதும், நான் வேறு மோதிரம் கழற்றிக் கொடுத்ததும் கண்ணிலேயே நின்றது. அல்லாஹ் அவளுக்கு நல்ல இடத்தைக் கொடுக்கட்டும்.

நீ எழுதியதை நம்புகிறேன். நான் நம்பி என்ன ஆகப்போகிறது? ஊர் உன் கடிதத்தைப் படிக்கவில்லை, பலகையைப் படித்தது. பலகையில் சர்க்கார் முத்திரை இருக்கிறது. இங்கே பதினோரு பேருக்கும் தெரிந்தது அதுதான். உம்மாவைக் கேள் என்கிறாய். உம்மா எழுதவைத்த கடிதத்தில் உடம்புக்குச் சுகமில்லை என்பதைத் தவிர ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். சர்க்கார் உத்தரவு கிடைக்கவில்லை, சரி. என் உத்தரவு? வாசல் தாண்டுவதற்கு முன் என்னை நினைத்தாயா? கட்டியவன் கடல் கடந்து இருந்தால் அவன் சொல் வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடு. காகிதம் சாவடிக் காகிதக் கட்டிலே போய்விடும், பலகையில் வேறு ஒட்டுவார்கள், ஊர் மறக்கும். பாவம் அந்த மீன்காரன், உன் பிடிவாதத்தால் அவன் பிழைப்பு ஏன் கெட வேண்டும்? பிள்ளையைத் தாவூது வீட்டாரிடம் ஒப்படைத்துவிடு. அவர்கள் பிள்ளை, அவர்கள் பாடு. அது நம் வீட்டில் வளருகிற வரைக்கும் பேச்சும் வளரும்.

நீ இதற்கு இணங்காவிட்டால் தலாக்குக்காகக் காஜியாருக்கு எழுதுவது தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் இங்கே தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.

அலாவுதீன்


786
காரைக்கால்
8 செப்டம்பர் 1954

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாம் தடவை படித்தால் பதிலில் மரியாதை குறைந்துவிடும் என்று மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் உத்தரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கேட்டிருந்தால் பதில் வர ஐந்து வாரம். அமீர் நிஷாவுக்கு இருந்தது ஒரு ராத்திரி. அந்த வாசலில் நிற்கும்போது உங்களை நினைத்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களே தோணி பேசிக் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்றால் எழுதுங்கள், இனிமேல் அப்படி நினைக்க மாட்டேன். ஆனால் நாளைக்கே இப்படி ஒரு சேதி வந்தாலும் நான் போவேன்.

இனி அந்தச் சொல்லைப் பற்றி.

பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் கல்யாணசுந்தரியை அழைத்துக்கொண்டு சாவடிக்குப் போனேன். அவர்களுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. துரை எழுதிய மூலத்தைக் காட்டச் சொல்லிப் படித்தார்கள். அதில் கள்ளமும் இல்லை, களவும் இல்லை. 'சான் ஓத்தோரிசாசியோன்' என்று இருக்கிறது. உத்தரவு இல்லாமல் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அம்பலவாணனிடம் கேட்டேன்: "துரை ஒண்ணு எழுதியிருக்காரு, நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்களே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. உத்தரவு இல்லாம வந்த தோணி கள்ளத்தோணி. உத்தரவு இல்லாம வித்தா கள்ளச்சரக்கு. உத்தரவு இல்லாம காய்ச்சினா கள்ளச்சாராயம். நான் புதுசா எதையும் எழுதல. ஊர்ல பொழங்குற வார்த்தை."

"சரக்குக்கும் சாராயத்துக்கும் புருசன் இருக்கானா? மாமியா இருக்காளா? பள்ளிக்கூடம் போற மக இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. சோம்பேறி. தினமும் பத்துப் பேருக்கு எழுதுகிற சொல்லையே எனக்கும் எழுதிவிட்டார். தோணிக்குச் சொன்னால் அது தோணியோடு போய்விடும். அதே சொல்லைப் பெண்பிள்ளைக்கு முன்னால் வைத்தால், பக்கத்திலேயே கைக்குழந்தையையும் வைத்தால், ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மச்சான், உத்தரவு இல்லாமல் போனவள் என்று எழுதட்டும், ஆயிரம் கையெழுத்துப் போடுகிறேன். அது நடந்தது. தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். கள்ளம் என்றால் மறைப்பு. நான் யாரிடம் மறைத்தேன்? மீன் ஏலத்தில் நின்ற அத்தனை பேரையும் கேட்கட்டும்.

போன வாரம் ஜெய்னம்பு பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். பிள்ளைகள் அவளைக் கள்ளத்தோணி மகளே என்று கூப்பிடுகிறார்களாம். "உம்மா, கள்ளத்தோணின்னா என்னம்மா?" என்று கேட்டாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? காகிதம் கட்டிலே போய்விடும் என்கிறீர்கள். நாளை இவளைப் பெண் கேட்டு வருகிறவன் வாயிலிருந்து இந்தச் சொல் எந்தக் கட்டிலே போகும்?

காத்தமுத்துவின் தோணியைச் சொன்னீர்கள். அந்தப் பழிதான் எனக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் இப்போது வேறொருவர் தோணியில் கூலிக்குப் போகிறார். மனசு கேட்காமல் ஒரு நாள் மாரியம்மாளிடம், "நான் கையெழுத்துப் போட்டுர்றேன், நீங்க தோணிய மீட்டுக்குங்க" என்றேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போடாதீங்கம்மா. அந்தக் காயிதத்துல எம் புருசனையும் கள்ளன்னுதான எழுதியிருக்கு? பத்துத் தலமொறயா கடல்ல போறவங்க நாங்க. எவன் வலையிலயும் கைய வச்சதில்ல. தோணி போனா இன்னொண்ணு கட்டிக்கலாம்" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு யோசனை இல்லை.

பிள்ளையை ஒப்படைக்கச் சொன்னீர்கள். தாவூது பினாங்கிலிருந்து எழுதிவிட்டார். பெரியும்மாவிடமே வளரட்டும் என்கிறார். அதற்கு ஹாஜரா என்று பேர் வைத்திருக்கிறேன். ஒப்படைக்க மாட்டேன்.

மாமி என்னோடு இப்போது சஹனில் உட்காருவதில்லை. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. உங்கள் சின்னவாப்பா வாரம் ஒருமுறை வந்து முற்றத்தில் நின்று, "அவள எப்ப அனுப்பப் போறீங்க?" என்று கேட்கிறார். அனுப்புவதற்கு எனக்கு வேறு வீடு இல்லை. இருந்தாலும் போகமாட்டேன். போனால் காகிதத்தில் எழுதியது உண்மையாகிவிடும்.

காஜியாருக்கு எழுதுவது உங்கள் இஷ்டம். எழுதினால் காரணத்தையும் எழுதுங்கள். எந்தச் சொல் போட்டு எழுதுகிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

கமருன்னிசா


786
சைகோன்
30 செப்டம்பர் 1954

கமருன்னிசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காஜியாருக்கு நான் எழுதவில்லை. அதற்காக ஊருக்குக் கப்பல் ஏறுகிறேன் என்றும் நினைத்துவிடாதே.

இங்கே வடக்கேயிருந்து கப்பல் கப்பலாக ஜனம் வந்து இறங்குகிறது. நாடு இரண்டாகிவிட்டது என்கிறார்கள். கடைத்தெரு முழுக்கப் பாயும் மூட்டையுமாகக் கிடக்கிறார்கள். நேற்று ஒரு பெண், கையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக, நம் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எழுப்பச் சொன்னார். நான் போய் நின்றேன். எழுப்ப வாய் வரவில்லை. உள்ளே வந்து, "கொஞ்ச நேரத்துல போயிடுவாங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டேன். ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ எழுதிய பிரெஞ்சுச் சொல்லைக் பிரெஞ்சுக்காரக் கணக்கர் மிசியேவிடம் காட்டினேன். டீச்சர் சொன்ன அர்த்தம்தான். "இதில் கேவலம் ஒன்றும் இல்லையே" என்றார். உனக்கு இது உதவும் என்றால் வைத்துக்கொள்.

ஆனாலும் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தப் பேச்சை விடு. சர்க்காரோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவன் கிடையாது. நீ பெண்பிள்ளை.

பிள்ளை பால் குடிக்கிறதா?

அலாவுதீன்


786
காரைக்கால்
16 நவம்பர் 1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை நன்றாகக் குடிக்கிறது. குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அந்தக் கேள்விக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். எழுதினால் முழுதாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

இந்த மாசம் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி வந்துவிட்டது. பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வாஞ்சூரில் இருந்த தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். பஸ் நேராக நாகூர் போகிறது. மறுநாளே காத்தமுத்துவைக் கூப்பிட்டு, வழக்கெல்லாம் தள்ளுபடி என்று தோணியைக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துக் கேட்கவில்லை. நல்ல தச்சனை வைத்து அடிப்பலகை இரண்டை மாற்றிக் கடலில் இறக்கிவிட்டார்.

எல்லாரும் என்னிடம் சொன்னார்கள், "முடிஞ்சுதும்மா, இனிமே விடு" என்று. கல்யாணசுந்தரி டீச்சர்கூடச் சொன்னார்கள். நான் பலகையைப் போய்ப் பார்த்தேன். காகிதம் மழையில் நைந்து பாதி கிழிந்திருந்தது. கிழிந்த பாதியில் என் பேர் போய்விட்டது. மிஞ்சின பாதியில் 'கள்ளத்தனமாய்' மட்டும் இருந்தது.

சாவடிக் காகிதங்களை எல்லாம் இப்போது ஊருக்குள் ஒரு சர்க்கார் கச்சேரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே போனேன். புது அதிகாரி, இளவயது. அம்பலவாணன் அதே நாற்காலியில்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "வழக்கே இல்லன்னு ஆயிடுச்சும்மா. இனிமே நாகூருக்குப் போக ஒங்கள யாரும் பெர்மிட் கேக்க மாட்டாங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார்.

"வழக்கு போச்சுங்க. அந்தச் சொல்லு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"அது பழைய சர்க்கார் காகிதம். அதுல நாங்க கை வைக்க முடியாது."

"பழைய சர்க்கார் எழுதினது சரியாத்தாங்க இருக்கு. தமிழ்ல எழுதினதுதான் தப்பு. தமிழ் பழைய சர்க்காரோட கப்பலேறிப் போயிடலையே. இங்கதான இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஒரு சொல்லுக்காம்மா இவ்வளவு தூரம் நடக்குறீங்க?"

"அந்த ஒரு சொல்ல ஒங்க வீட்டுப் பொம்பள பேருக்கு முன்னால எழுதச் சொன்னா எழுதுவீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். 'நாளைக்கு' மட்டும் கொடியோடு மாறவில்லை. நானும் தினமும் போனேன். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஹாஜராவைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வராந்தாவில் நிற்பேன். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போயேன் என்று டீச்சர் சொன்னார்கள். எந்தப் பிள்ளையைக் காட்டிப் பேசினார்களோ அந்தப் பிள்ளையோடுதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

மீலாது கழிந்து இரண்டு நாள் இருக்கும். காலையில் நான் புறப்படும்போது மாமி அறையிலிருந்து வந்தார்கள். பெருநாளுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தார்கள். "புள்ளய இங்க குடு. நீ தெனமும் தூக்கிக்கிட்டு நின்னு கை ஓஞ்சு போச்சு" என்று ஹாஜராவை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்கள். அவர்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கினது அதுதான் முதல் தடவை. வழியில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மாரியம்மாளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

கச்சேரியில் உங்கள் சின்னவாப்பாவும் ஏதோ பத்திர வேலையாக வந்திருந்தார். மாமியைப் பார்த்து, "மச்சி, ஒங்களுக்கு என்ன இங்க? வீட்டு மானம் போனது போதாதா?" என்றார்.

மாமி அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஐயா, இவ என் மருமவ. மூணு வருசமா இவ வயிறு ஒட்டிக்கெடக்குறத தெனமும் பாத்தவ நான். நாகூருக்குப் போறப்ப போயிட்டு வான்னு சொன்னவளும் நான்தான். கள்ளத்தனமான்னா எனக்குத் தெரியாமப் போயிருக்கணும். எனக்குத் தெரிஞ்சுதான் போனா. இத்தன நாளா இத நான் சொல்லல. ஊர் வாய்க்குப் பயந்தேன். அந்தக் காயிதத்துல கள்ளத்தனம்னு ஒண்ணு எழுதணும்னா என் பேருல எழுதிக்குங்க."

மச்சான், அந்த வராந்தாவில் அத்தனை பேர் இருந்தார்கள். சின்னவாப்பா தன் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதிகாரி அம்பலவாணனைப் பார்த்தார். "என்ன எழுதணும் சொல்லுங்க?" என்று கேட்டார். அம்பலவாணன் எழுந்து நின்று, "உத்தரவின்றின்னு எழுதியிருக்கணும் சார்" என்றார். காகிதத்தை எடுத்து அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்து, ஓரத்தில் 'உத்தரவின்றி என்று படிக்க' என்று எழுதி, தேதி போட்டு முத்திரை வைத்தார்கள். தோணிக்கு முன்னால் இருந்த 'கள்ள'வையும் அடிக்கச் சொன்னேன். "காத்தமுத்துவின் தோணி" என்று எழுதினார்கள். மாரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் தன் புருசன் பேர் இருக்கிறது என்று கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"திருப்திதானேம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. மொதல்ல எங்க ஒட்டினீங்களோ அங்கயே இதையும் ஒட்டணும்."

ஒட்டிவிட்டார்கள். முந்தாநாள் மார்க்கெட்டில் நானே பார்த்தேன். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உத்தரவின்றிச் சென்ற ஸ்திரீ, கமருன்னிசா. அது உண்மை. உண்மையில் கையெழுத்துப் போட எனக்கு வெட்கம் இல்லை.

முத்திரை வைத்த நகல் ஒன்று இதனோடு இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும் என்று அனுப்பவில்லை. மன்னிக்க நான் ஒன்றும் செய்யவில்லை. அங்கே பதினோரு பேர் கேட்டார்கள் என்று எழுதினீர்களே, அவர்களுக்காக அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதானால் இரண்டு பெண்களுக்கு வாப்பாவாக வர வேண்டும். ஒருத்திக்கு மட்டும் என்றால் அங்கேயே இருங்கள், ஜெய்னம்புவிடம் உங்கள் ஸலாத்தைச் சொல்கிறேன்.

நேற்றிலிருந்து மாமி என்னோடு சஹனில் உட்காருகிறார்கள்.

கமருன்னிசா


786
சைகோன்
5 டிசம்பர் 1954

அன்புள்ள கமருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நகல் கிடைத்தது.

அதை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காதர் பாட்சா தனியாக இருந்தான், அவனிடம் மட்டும் காட்டிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம், அவன் தனியாகவா சொன்னான்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தை விரித்து முழுவதும் வாசித்தேன். உம்மா கச்சேரியில் சொன்னதையும் சொன்னேன்.

காதர் பாட்சா, "இத எல்லாம் இப்ப யாரு நானா கேட்டா?" என்றான்.

"அன்னைக்கும் யாரும் கேக்கலடா. நீயாத்தான் சொன்ன. நீ சொன்ன எடத்துலயே நானும் சொல்லணும்ல?" என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். கடையில் மூத்தவர் முகைதீன் பிச்சை, "ஒக்காருங்க தம்பி, சோறு ஆறுது" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். அன்றுதான் ஐந்து மாதத்துக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

என் உத்தரவைப் பற்றி நீ எழுதியது இன்னும் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். அதை நேரில் பேசுவோம். சண்டை போட்டாலும் நேரில் போடுவோம். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பிப்ரவரிக் கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன்.

இங்கே பட்டுத் துணி நல்லதாகக் கிடைக்கிறது. ஜெய்னம்புவுக்கு உயரம் எவ்வளவு இருக்கும் என்று ஒருவாறு நினைத்துக்கொள்கிறேன். சின்னவளைத்தான் நான் பார்த்ததே இல்லை. ஹாஜராவுக்கு என்ன அளவில் சட்டை எடுப்பது?

அலாவுதீன்


786
காரைக்கால்
20 டிசம்பர் 1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மாமியிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்கள்.

சண்டைக்கு நான் தயாராக இருக்கிறேன். வாருங்கள்.

சின்னவளுக்குத் தோளிலிருந்து முட்டி வரைக்கும் அளந்து நூல் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்டிருக்கிற இடம் நெஞ்சுச் சுற்றளவு. அளக்கும்போது கால் நிற்கவில்லை, உதைத்துக்கொண்டே இருந்தாள். அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நீங்கள் வந்து சேர்வதற்குள் இன்னும் வளர்ந்துவிடுவாள். பெரிதாகவே எடுங்கள்.

கமருன்னிசா